எழுபது வளைவும் ஆறு உருளையும்

கொல்லிமலை என்ற பெயரைக் கேட்ட அளவில் தமிழ் மாணாக்கர் உள்ளத்தில் இரண்டு காட்சிகள் எழும். ஒன்று, யானையில் தொடங்கி உடும்பு வரை ஐந்து உயிர்களை ஒரே அம்பால் துளைத்தவன் என்று புறநானூற்றில் வன்பரணர் போற்றும் வல்வில் ஓரி. மற்றொன்று, பூதம் செய்து நிறுத்தியதாக நற்றிணை பேசும் கொல்லிப்பாவை. அப்பாவை தானே இயங்கும், நகைத்து மயக்கும், நெருங்கியவர் உயிரைக் கொள்ளும் என்றெல்லாம் பிற்காலத்தார் விரித்துரைத்தனர். கை தொடாமலே இயங்கும் பொறி ஒன்றைக் கற்பனையில் படைத்த அம்மலையில், கை ஓயாமல் தொட்டுக்கொண்டே இருந்தால்தான் இயங்கும் பொறிகள் சிலவற்றை நாம் கண்டோம். அவற்றைப் பற்றியதே இக்கட்டுரை.

தமிழ்த்துறை மலரில் கிளச்சுக்கும் எஞ்சினுக்கும் என்ன வேலை என்று ஐயுறும் பெரியோர்க்கு ஒரு சொல். தொழிற்களங்களில் வழங்கும் சொற்களைத் திரட்டும் பணிக்காகவே நாம் சோளக்காட்டிற்குச் சென்றோம். கிளச்சுக்கு 'உரசிணைப்பி' என்றொரு சொல்லாக்கம் உண்டு. நல்ல சொல்தான். ஆயினும் பட்டறையில் அதனைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பார் எவருமிலர். பட்டறைக்காரர் கிளச்சு என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, அது செய்யும் செயலுக்கெல்லாம் தமிழ் வினையையே வழங்குகின்றனர். கிளச்சு 'கவ்வும்', 'நழுவும்', 'கருகும்', 'விட்டுவிடும்'. எஞ்சின் 'திணறும்', 'மூச்சு முட்டும்', 'இழுக்கும்'. பெயர்ச்சொல்லைக் கடனாகப் பெற்ற மொழி வினைச்சொல்லைக் கடன் வாங்கவில்லை என்பதனை மொழியியல் பயிலும் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். சொல் திரட்டச் சென்ற நாம் அங்கே வேறொன்றையும் கேட்க நேர்ந்தது. அதுவே இங்குப் பெரிதும் சொல்லத்தக்கது.

1997-ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி என்னும் அடிவாரத்தில் தொடங்கும் மலைச்சாலை எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காட்டை அடைகிறது. நாமக்கல் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேலே மலைப்பரப்போ 1000 மீட்டருக்கும் 1300 மீட்டருக்கும் இடையே விரிந்து கிடக்கிறது. அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் செல்வோர் இவ்வழியே ஏறுவர். ஆடி மாதம் 17, 18 ஆகிய நாள்களில் ஓரி விழா நடைபெறும்போது வண்டிகள் எறும்புச்சாரை போல் ஊரும். அந்நாள்களில் வளைவுக்கு வளைவு ஒரு வண்டி ஓரங்கட்டி நிற்பதையும், கருகிய கிளச்சின் நாற்றம் காட்டு மணத்தோடு கலந்து வீசுவதையும் காணலாம்.

சுற்றுலா வருவோர் கண்ணுக்கு இச்சாலை ஓர் ஏற்றம். மலைவாழ் மக்களுக்கோ இது முதலில் ஓர் இறக்கம். பலாவும் வாழையும் அன்னாசியும் மிளகும் காப்பியும் சோளக்காட்டுச் சந்தையில் கூடி அங்கிருந்து கீழே இறங்குகின்றன. மேலே ஏறி வருவது மளிகையும் துணியும் உரமும்தான். ஆகவே சுமை மிகுந்த பயணம் பெரும்பாலும் கீழ்நோக்கிய பயணமே. நோயுற்றவர் பெரிய மருத்துவமனைக்குச் செல்வதும் கீழ்நோக்கியே. கல்லூரிக்குச் செல்லும் மாணவன் காலையில் இறங்கி மாலையில் ஏறுகிறான். சோளக்காட்டில் இருப்பவனுக்கு ஒவ்வொரு நாளும் இறக்கத்தில்தான் தொடங்குகிறது. இச்சிறு உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னர் வருவது விளங்கும்.

சந்தைக்குச் சற்றுத் தள்ளித் தகரக் கூரையின்கீழ் ஒரு பட்டறை. அதனை நடத்துபவர் சேந்தமங்கலத்திலிருந்து வந்து மலையிலேயே தங்கிவிட்ட ஒரு பாய். சுவரில் பிறை அச்சிட்ட நாள்காட்டி ஒன்று. அதன் கிழித்த தாள்களின் பின்புறமே அவருடைய கணக்கேடு. மலையாளி இனப் பெரியவர்களைக் 'கவுண்டரே' என்றும், இளைஞர்களைத் 'தம்பி' என்றும் அவர் அழைக்க, அவர்கள் அனைவரும் வயது வேறுபாடின்றி அவரைப் 'பாய்' என்கின்றனர். நாம் சென்ற அன்று ஒரு மலையூர் மாணவன் பழைய ஸ்கூட்டர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். நாமக்கல்லில் பட்டப்படிப்பு. காலையில் இறங்கும்போது இரண்டு சாக்கு அன்னாசியை வழியில் ஒரு கடையில் போட்டுவிட்டு வகுப்புக்குச் செல்வானாம். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவனே.

அவனுடைய குறை இதுதான். "வளைவுல எதிர்ல பஸ் வந்து நின்னுட்டா மறுபடி எடுக்க முடியலைங்க பாய். திருகத் திருகச் சத்தந்தான் வருது, வண்டி வரமாட்டேங்குது." குறையோடு மருந்தையும் அவனே கொண்டுவந்திருந்தான். சேலத்தில் வாங்கிய, சிவப்புச் சாயம் பூசிய மூன்று சிறு ஸ்பிரிங்குகள். கிளச்சில் இவற்றை மாட்டினால் வண்டி சீறிப் பாயும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இவ்விடத்தில் அந்த வண்டியின் உள்ளுறுப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். 1984-இல் கினெடிக் ஹோண்டாவின் வாயிலாக நம் நாட்டிற்கு வந்து, பின்னர் ஆக்டிவா முதலிய வண்டிகளில் எங்கும் பரவிய கியரில்லா ஸ்கூட்டர் வகை அது. கியர் இல்லை என்பது பேச்சுவழக்கு. உண்மையில் எண்ணற்ற கியர்கள் உண்டு. எஞ்சினின் தண்டில் ஒரு கப்பி, பின்சக்கரத்தின் பக்கம் ஒரு கப்பி, இரண்டையும் இணைத்து ஒரு பெல்ட். முன்கப்பியின் இரு தட்டுகளும் சரிவானவை. அவற்றுள் ஒன்றன் பின்னே ஆறு சிறு உருளைகள் கிடக்கும். எஞ்சின் வேகமாகச் சுழலச் சுழல அவ்வுருளைகள் வெளிப்புறம் ஓடித் தட்டை நெருக்கும். நெருக்கப்பட்ட பெல்ட் கப்பியின் விளிம்பை நோக்கி ஏறும். அதே வேளையில் பின்கப்பியில் அது உள்நோக்கி இறங்கும். தொடக்கத்தில் சிறிய முன்வட்டம், பெரிய பின்வட்டம். அப்போது இழுவை மிகுதி, வேகம் குறைவு. பின்னர் இது படிப்படியாகத் தலைகீழாகும். பல்சக்கரங்கள் பல கொண்ட மிதிவண்டியில் சங்கிலியை மாற்றி மாற்றி மிதிப்பவர் செய்வதனை இந்த ஆறு உருளைகளும் யாரும் ஏவாமலே செய்கின்றன. பின்கப்பியோடு சேர்ந்தது கிளச்சு. அதில் மூன்று ஷூக்கள், அவற்றை உள்ளே இழுத்துப் பிடிக்க மூன்று ஸ்பிரிங்குகள். வேகம் கூடும்போது ஷூக்கள் ஸ்பிரிங்கின் பிடியை மீறி வெளியே விரிந்து, சுற்றியுள்ள டிரம்மைக் கவ்வும். வண்டி நகரும்.

சுழற்சியையும் முன்பின் அசைவையும் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கிராங்க் என்னும் உறுப்பைப் பற்றி அந்த மாணவனிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அல்ஜஸரீயின் பெயரை நாம் சொன்னோம். அர்துக்கியர் ஆட்சியில் தியார்பக்கிரில் வாழ்ந்த அப்பேரறிஞர் 1206-இல் முடித்த பொறிநூலில், நீரிறைக்கும் இயந்திரம் ஒன்றில் சுழற்சி முன்பின் அசைவாக மாறும் அமைப்பை வரைந்து காட்டியுள்ளார். பழம்பெருமை பேசுவது நம்மவர்க்கு எளிது. அதே கிராங்கில் கிரீஸ் படிந்த கையோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தும் வழக்கம்தான் இன்னும் நமக்கு வரவில்லை.

இந்த உருளைக் கிளச்சின் குடும்பம் பெரியது. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-இல் இதே தத்துவத்தில் ஒரு காரை வெளியிட்டது. கனடாவிலும் அமெரிக்காவின் மலைப்பகுதிகளிலும் பனிமேல் ஓடும் வண்டிகளுக்கும் இதே பெல்ட், இதே இரு கப்பிகள். பின்சக்கரத்திற்கு மாற்றாக ரப்பர்ப் பட்டை, முன்சக்கரத்திற்கு மாற்றாகச் சறுக்குப் பலகைகள். அவ்வண்டிகளின் மூதாதையை உருவாக்கியவர் கியூபெக் மாநிலத்து வால்கூர் என்னும் சிற்றூரில் பட்டறை வைத்திருந்த ஜோசப் அர்மாண்ட் பம்பார்டியர். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் நோயுற்றான். பனி மூடிய சாலையில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியில்லாமல் அக்குழந்தை இறந்தது. பனியில் ஓடும் வண்டிக்காக முன்பே முயன்றுகொண்டிருந்த அத்தந்தை 1937-இல் தம் பட்டை அமைப்பிற்குக் காப்புரிமை பெற்றார். இன்று விளையாட்டுப் பொருளாகிவிட்ட ஸ்கீ-டூ வண்டி 1959-இல் வந்தது. சாலை எட்டாத மலையூர்களில் நோயாளியைத் தூளி கட்டித் தோளில் சுமந்த காலத்தைக் கண்டவர்கள் நம் மலைகளிலும் இருக்கின்றனர். அவர்களுக்கு அத்தந்தையின் துயரத்தை விளக்க வேண்டியதில்லை.

பனிமலையில் ஓட்டுவோர் தம் வண்டியைச் செப்பம் செய்யும் முறைகளை நாம் முன்பே படித்திருந்ததால், பாயின் கைவேலை நமக்கு அறிமுகமானதாகவே தோன்றியது. இரண்டிற்கும் அடிப்படை ஒன்று. உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். காற்று குறைந்தால் எரிக்கத்தக்க பெட்ரோலும் குறையும். 3000 மீட்டர் உயரத்தில் அடர்த்தி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விடும். கொல்லிமலையின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு போகும். 8 குதிரைத்திறன் கொண்ட ஸ்கூட்டரில் ஏறக்குறைய ஒரு குதிரை அடிவாரத்திலேயே நின்றுவிடுகிறது எனலாம். எஞ்சியவை ஏழு. அவையும் ஒரு குறிப்பிட்ட சுழல்வேகத்தில்தான் முழுவலிமை காட்டும். பெரிய பனிவண்டி எஞ்சின்களுக்கு அது நிமிடத்திற்கு 8000 சுற்றை ஒட்டியது. அந்த வேகத்திலேயே எஞ்சினை நிறுத்திவைப்பதுதான் கப்பியின் வேலை. வலுக்குறைந்த எஞ்சினால் கனமான எடைகளைச் சுமந்துகொண்டு அந்த வேகத்தை எட்ட முடியாது. ஆகவே உயரத்திற்குச் செல்வோர் எடையைக் குறைப்பர். ஸ்கூட்டரிலும் அவ்வாறே. உருளை கனமாயின் பெல்ட் விரைந்து மேலேறும், இழுவை போய்விடும், எஞ்சின் திணறும். இலேசாயின் எஞ்சின் நன்றாகச் சுழன்ற பின்னரே பெல்ட் ஏறும், ஏற்றத்தில் இழுக்கும். மிக இலேசாக்கினால் சமதளத்திலும் எஞ்சின் கத்திக்கொண்டே ஓடும், பெட்ரோல் குடிக்கும், பெல்ட் சூடேறும். இவ்வளவு மாற்றத்திற்கும் ஓர் உருளைக்குச் சில கிராம் போதும்.

பாய் வண்டியைப் பிரித்தார். உருளைகள் ஆறும் ஒருபக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தன. உருள வேண்டியது உருளாமல் சிக்கிக்கொள்கிறது. வண்டி வளைவில் நின்றாலும் பெல்ட் தன் பழைய இடத்திற்குத் திரும்பி வருவதில்லை. மாணவன் ஒவ்வொரு முறையும் பாதி வழியில் இருக்கும் கியரில் மலையேறப் புறப்பட்டிருக்கிறான். பெல்ட் தேய்ந்து அகலம் குறைந்து, கப்பியின் சரிவை முழுமையாகப் பற்றவில்லை. கிளச்சு ஷூக்களோ கண்ணாடிபோல் பளபளத்தன. டிரம்மின் உட்புறம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. "எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. அது சம்பாதிச்சதைப் பூரா இவனுங்க வழியிலேயே தின்னுட்டானுங்க" என்றார். வண்டியின் ஆற்றலைக் கூட்டுவது என்பது பெரும்பாலும் புதிதாக எதனையும் சேர்ப்பதன்று, இழந்ததை மீட்பதே என்பதனை நாம் எந்தப் பாடநூலிலும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

அடுத்துக் கார்புரேட்டர். பிளக்கைக் கழற்றிக் காட்டினார். நுனி சற்றே கருத்திருந்தது. உயரத்தில் காற்று மெலிவதால் பெட்ரோல் மிகுந்துவிடுவதன் அடையாளம் அது. மெயின் ஜெட்டைச் சிறிதாக்கினால் மேலே எஞ்சின் தெளிவாக ஓடும் என்று மாணவன் எங்கோ படித்திருந்தான். படித்தது சரியே. பனிமலையில் இருப்போரும் உயரத்திற்கு ஏற்ப ஜெட்டை மாற்றுகின்றனர். ஆனால் இவன் நாள்தோறும் இரண்டு உயரங்களில் வாழ்பவன். மேலுக்கு ஏற்றபடி ஜெட்டைச் சுருக்கினால் கீழே நாமக்கல் வெயிலில் பெட்ரோல் போதாமல் எஞ்சின் கொதிக்கும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் சற்று மிகுந்தால் சிறிது இழுவை மட்டுமே நட்டம். குறைந்துவிட்டாலோ எஞ்சினே நட்டம். ஆகவே பாய் ஜெட்டைத் தொடவில்லை. தூய்மை செய்து, ஏர் ஸ்க்ரூவை மட்டும் சிறிது திருப்பிவைத்தார். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டால் 'நல்லா மூச்சு விடும்' என்னும் நம்பிக்கை இளைஞர்களிடையே பரவியிருக்கிறது. மலைச்சாலைத் தூசி ஒரு பருவத்திலேயே சிலிண்டரைத் தேய்த்துவிடும் என்பதும், வண்டியைத் தயாரித்தபடியிலிருந்து மாற்றியமைப்பதற்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வரம்பு விதித்திருக்கிறது என்பதும் அவர்கள் செவியில் ஏற வேண்டும்.

இனிக் கிளச்சு ஸ்பிரிங்குக்கு வருவோம். மாணவன் கொண்டுவந்த சிவப்பு ஸ்பிரிங்குகள் விறைப்பானவை. அவற்றை மாட்டினால் ஷூக்கள் எளிதில் விரியா. எஞ்சின் மேலும் வேகமாகச் சுழன்ற பின்னரே டிரம்மைக் கவ்வும். கவ்வும்போது எஞ்சின் முழுவலிமையில் இருப்பதால் வண்டி ஒரே பாய்ச்சலாகக் கிளம்பும். ஆழ்ந்த பனியில் நின்றுவிட்ட வண்டியைக் கிளப்புவதற்கு அங்குள்ளோரும் இத்தகைய விறைப்பான ஸ்பிரிங்கை முன்கப்பியில் இடுவதுண்டு. ஆகவே அவனுக்குச் சொல்லப்பட்டது பொய்யன்று.

ஆயினும் பாய் மறுத்துவிட்டார். "ஏற மட்டும் வண்டி செய்ய எனக்குத் தெரியாது தம்பி. காலையில நீ எறங்குறது எந்த வண்டியில?"

அவ்வொரு கேள்வியில் இருந்த நுட்பத்தை நாம் சற்று நேரம் கழித்தே முழுதாக உணர்ந்தோம். தாமதமாகக் கவ்வும் கிளச்சு முன்னதாகவே விட்டுவிடும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடிவிட்டு வரும்போது எஞ்சின்தான் வண்டியைப் பின்னின்று பிடித்திழுக்கும் முதல் கை. வேகம் ஓரளவிற்குக் கீழே போனதும் ஷூக்கள் உள்ளே சுருங்க, அந்தக் கை விட்டுப்போகும். அதன்பின் வண்டி கியர் இல்லாத வண்டி போலவே உருளும். பழைய ஸ்பிரிங்கில் இது மிகக் குறைந்த வேகத்தில்தான் நேரும். விறைப்பான ஸ்பிரிங்கிலோ வளைவுகளுக்கே உரிய வேகத்திலேயே நேர்ந்துவிடும். அப்போது இரண்டு சாக்கு அன்னாசியையும் ஓர் ஆளையும் எழுபது வளைவுகளிலும் தாங்கிப் பிடிப்பவை பிரேக் ஷூக்கள் மட்டுமே. அவை சூடேறும். சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். பனிமேல் ஓட்டுபவர்க்கு இக்கவலை பெரிதில்லை. ஆழ்ந்த பனியில் ஆக்சிலேட்டரை விட்ட மாத்திரத்தில் பனியே வண்டியை நிறுத்திவிடும். அந்த மலைக்கு நன்மருந்தாவது இந்த மலைக்கு நஞ்சாகக் கூடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

இறக்கத்தின் இத்தொல்லை புதிதன்று. கிளச்சு அமைப்பு வேறாயினும் பழைய மொபெட்டுகளுக்கும் இறக்கத்தில் தனித்தொல்லை இருந்தது. 1980-இல் வந்த டி.வி.எஸ். 50 வண்டியில் பெட்ரோலோடு கலந்த எண்ணெய்தான் எஞ்சினுக்கு மசகு. நெடிய இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முற்றிலும் மூடிவிட்டால் பெட்ரோலும் இல்லை, எண்ணெயும் இல்லை. எஞ்சினோ வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும். ஆகவே அனுபவம் மிக்க ஓட்டிகள் இறங்கும்போதும் இடையிடையே சிறிது திருகிவிடுவர். 2015-இல் நான்கு வீச்சு எஞ்சினோடு எக்ஸ்.எல். 100 வந்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி, கியர் வண்டிகளை நியூட்ரலில் போட்டு, எஞ்சினையும் அணைத்து இறங்கும் பழக்கம் மட்டும் இன்னும் தீரவில்லை. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்னும் கருத்துடைய நபிமொழியை நம்மில் பலர் மேடையில் கேட்டிருக்கிறோம். வண்டியைக் கட்டும் கயிறு கியரில் இருக்கிறது என்பதனை அம்மேடைகளில் யாரும் சொன்னதாக நினைவில்லை.

சட்டம் வகுத்தோரும் கிளச்சை அறிந்தவர்களே. மலைச்சாலையில் வழி குறுகிய இடத்தில் இறங்கும் வண்டி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளும் அவற்றின் இடத்தில் வந்த 2017-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் கூறுகின்றன. ஏறும் வண்டி நின்றுவிட்டால் சரிவில் மறுபடி கிளம்ப வேண்டும். அத்தொடக்கத்தில்தான் கிளச்சு கருகுகிறது, வண்டி பின்னோக்கி உருள்கிறது. விதியை மதித்து இறங்குவோர் நின்றிருந்தால் இம்மாணவனின் ஷூக்கள் இவ்வளவு விரைவில் கண்ணாடியாகியிரா. மகிழுந்தில் வரும் சுற்றுலாப் பயணியர் இதனை ஒரு பண்பாடாகவே கொள்ளலாம்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளால் புதிய இருசக்கர வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் செலுத்தி பிடித்துக்கொண்டது. உட்செல்லும் காற்றின் அழுத்தத்தை உணரி ஒன்று அளந்து சொல்ல, அதற்கேற்பப் பெட்ரோல் தானே கூடியும் குறைந்தும் செல்கிறது. மேலுக்கு ஒரு ஜெட், கீழுக்கு ஒரு ஜெட் என்ற பேச்சு இனி இல்லை. பாயும் அவ்வண்டிகளின் பழுதறியும் கருவி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். ஆனால் உணரி எவ்வளவு கூர்மையாக அளந்தாலும் மலையில் இல்லாத காற்றை அது கொண்டுவந்து தாராது. மேலும், உருளையும் பெல்ட்டும் ஷூவும் அன்று தேய்ந்தவாறே இன்றும் தேய்கின்றன. எனவே பட்டறை மூடப்படவில்லை.

மாணவனிடம் இருந்த தொகை 1500 ரூபாய். உருளைக்கும் பெல்ட்டுக்கும் அது சென்றுவிட்டால் பிரேக் ஷூவுக்கு மிஞ்சாது. பிரேக்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றான் அவன். ஏழை வீட்டுக் கணக்கு எப்போதும் அப்படித்தான் ஓடும். இன்று வகுப்புக்குச் செல்ல வேண்டும், வண்டி ஏற வேண்டும். வராத விபத்துக்கு யார் முன்பணம் கட்டுவார்? நாமும் அந்நேரத்தில் மாணவன் பக்கமே இரங்கினோம். பாய் ஒன்றும் பேசாமல் பின்சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் ஷூ தேய்ந்து இரும்பு தெரியும் நிலையில் இருந்தது. அதனை அவன் உள்ளங்கையில் வைத்தார். பிறகு நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்புறம் எழுதினார். முதல் வரியில் பிரேக் ஷூ முன்னும் பின்னும், இரண்டாம் வரியில் உருளை ஆறு, மூன்றாம் வரியில் பெல்ட். கிளச்சு ஷூவுக்கு விலை எழுதவில்லை. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பைப் போக்கி, டிரம்மையும் துடைத்து, பழைய ஸ்பிரிங்குகளையே திரும்ப மாட்டினார். கூலிக்கு எதிரே 'பலா' என்று எழுதியிருந்தது. பலாப் பருவத்தில் தருவான் என்பது பொருள் போலும்.

புதிய உருளைகளை மாட்டுமுன் ஒவ்வொன்றையும் நகைக்கடைத் தராசு போன்ற ஒரு சிறு கருவியில் நிறுத்தார். ஒரே பெட்டியில் வந்த ஆறும் ஒரே எடையாக இருக்கும் என்று நம்பக் கூடாதாம். ஒன்று மட்டும் கனத்திருந்தால் தட்டு சாய்ந்து நெருக்கும். தயாரித்தவர் வகுத்த எடையைவிடச் சற்றே குறைந்த உருளைகளை அவர் தேர்ந்துகொண்டார். அதனால் ஏற்றத்தில் இழுவை கிடைக்கும். இறக்கத்திலும் எஞ்சின் சிறிது கூடுதலாகப் பிடித்திழுக்கும். மாணவன் கேட்டது கிடைக்க, கேட்காததும் சேர்ந்து கிடைக்கும் வழி அது.

சோதனை ஓட்டம் இறக்கத்தில் தொடங்கியது. மாணவன் பின்னே பட்டறைச் சிறுவனை ஏற்றிக்கொண்டு மேலிருந்து பத்து வளைவுகள் இறங்கித் திரும்பி ஏறிவர வேண்டும் என்பது கட்டளை. ஒவ்வொரு வளைவிலும் வேண்டுமென்றே நிறுத்தி எடுக்க வேண்டும். நாம் சாலையோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். முதலில் ஒலி தேய்ந்து தேய்ந்து மறைந்தது. வெகுநேரம் கழித்து மலைமடிப்பில் மீண்டும் எழுந்தது. நிற்கும், கிளம்பும், நிற்கும், கிளம்பும். பத்தும் எண்ணினோம்.

வந்து சேர்ந்தவனிடம் பாய் எதுவும் கேட்கவில்லை. குனிந்து பின்சக்கர டிரம்மின்மேல் புறங்கையை வைத்தார். எடுக்காமல் சற்று நேரம் வைத்திருந்தார். சூடு தாங்கும் அளவிலேயே இருந்தது போலும். "வேகம் ஒண்ணும் பெரிசாக் கூடலைங்க பாய். ஆனா எங்கேயும் திணறலை" என்றான் மாணவன். குரலில் சிறிது ஏமாற்றமும் இருந்தது. சிவப்பு ஸ்பிரிங்குகளைப் பார்த்து, "இதை என்னங்க செய்யறது?" என்று கேட்டான்.

பாய் அவற்றை வாங்கி, மேசைக்கடியில் இருந்த பால்மாவு டப்பா ஒன்றைத் திறந்து உள்ளே போட்டார். எட்டிப் பார்த்தோம். அதில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக அத்தகைய ஸ்பிரிங்குகள் ஏற்கெனவே பாதி டப்பா கிடந்தன.